பாடாத தட்டும் பாட வைக்கும் வழியும்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை. பள்ளி முடிந்து கதவைப் பூட்டும் நேரத்தில், கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் வெள்ளி போல் மின்னும் ஒரு தட்டு.

"சார், எங்கப்பா பேசினது இதுல இருக்கு. மகனோட மடிக்கணினியில போட்டா சுத்துது, சுத்துது, அப்புறம் நின்னுடுது. தட்டைப் போடுங்கன்னு எழுத்து வருது. தட்டு உள்ளேதானே இருக்கு?" என்று கேட்டார்.

அவருடைய தந்தையார் தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து ஓய்ந்தவர். 2007ஆம் ஆண்டு கோயில் திருவிழாவன்று, தம் பெற்றோர் கப்பலேறி வந்த கதையை அவர் சொல்லியிருக்கிறார். உறவினர் ஒருவர் அதைப் படம் பிடித்துத் தட்டில் பதித்துக் கொடுத்திருக்கிறார். பெரியவர் இன்று இல்லை. அவர் குரல் தட்டில் இருக்கிறது. ஆனால் தட்டு வாய் திறக்கவில்லை.

நேயர்களே, இது அந்த ஒரு வீட்டின் கவலை மட்டுமன்று. நம் லயங்களில் திருமணத் தட்டு, காதணி விழாத் தட்டு, திருவிழாத் தட்டு இல்லாத வீடு அரிது. அலமாரியில் அவை பத்திரமாகவே இருக்கின்றன. அவற்றைப் படித்துக் காட்டும் கருவிதான் பழுதாகிறது, அல்லது கடையிலிருந்தே மறைந்து போகிறது. குரலைத் தட்டில் அடைத்து வைக்க மனிதன் கற்ற நாள் முதலே இந்தத் தொல்லை உண்டு. அந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம். தட்டைப் பாட வைக்கும் வழியும் அதற்குள்ளேயே கிடைக்கும்.

1877ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் மனிதக் குரலைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். அவர் பதிந்தது தட்டில் அன்று; உருளையின் மேல் சுற்றிய தகரத்தாளில். பத்து ஆண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் என்பவர் உருளையை விட்டுத் தட்டையான வட்டத்தைக் கையாண்டார். அதுவே கிராமபோன். உருளையை ஒவ்வொன்றாகச் செய்வது கடினம். தட்டையோ, அச்சுப் பலகாரம் போல ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். அதனால்தான் தட்டு வென்றது.

1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிந்தார். அடுத்த ஆண்டு, 1903இல், சிங்கப்பூருக்கும் வந்து பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தட்டு செய்யும் ஆலையே எழுந்தது.

அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை? அரக்கினால் ஆனவை. மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்தே போயிற்று. லண்டனில் பாடியவர் குரலும் நியூயார்க்கில் பாடியவர் குரலும் இந்தியக் கூலியாளின் கை சேர்த்த அரக்கில்தான் தங்கியது என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்காவில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி, அரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். அரைபட்டது அரக்கு மட்டும்தானா? எத்தனையோ குரல்களும் அதனுடன் அரைபட்டன.

தட்டின் அருமைக்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. நாடக மேடையில் புகழ் கொடி நாட்டிய எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் குரலை இன்றும் நாம் கேட்கிறோம் என்றால் அது அரக்குத் தட்டுகள் செய்த உதவி. இதற்கு மாறான கதையும் உண்டு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று இல்லை. அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை. ஒருவர் குரல் பிழைத்தது, ஒரு படம் மறைந்தது. பிழைத்த பொருளை யாரோ ஒருவர் பிரதி எடுத்து வைத்தார் என்பதே வேறுபாடு.

1948இல் நீண்ட நேரம் ஒலிக்கும் புதிய இசைத்தட்டு வந்தது. அரக்குக்குப் பதில் வினைல் என்னும் பிளாஸ்டிக். நிமிடத்துக்கு 78 சுற்றுக்குப் பதில் முப்பத்து மூன்றே கால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் கொண்ட சுற்று. அதன் வரிப்பள்ளம் மிக மெல்லியது. பழைய இரும்பு ஊசியை அதில் வைத்தால் தட்டு கிழியும். புதிய மெல்லிய ஊசியைப் பழைய தட்டில் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். தட்டும் நன்றாக இருக்கும், பெட்டியும் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் பொருந்தா. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய குறுந்தட்டு, அதாவது சி.டி., 1982இல் விற்பனைக்கு வந்தது. இதில் ஊசி இல்லை, ஒளியே ஊசி. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்தத் தட்டின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, நுண்ணிய குழிகள் ஒரே சுருளாக ஓடுகின்றன. அந்தச் சுருளை நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். தானா ராத்தாவில் ஒரு முனையைக் கட்டினால், பிரிஞ்சாங் போய்ச் சேர்ந்த பிறகும் கையில் மீதி இருக்கும்! லேசர் ஒளி கீழிருந்து பட்டுத் திரும்புகிறது. குழியில் பட்டால் ஒரு விதம், சமதளத்தில் பட்டால் ஒரு விதம். அந்த வேறுபாட்டைக் கருவி எண்களாகப் படிக்கிறது. 1993இல் வீடியோ சி.டி.க்கு வரையறை வந்தது, 1996இல் டி.வி.டி. கடைக்கு வந்தது. டி.வி.டி.யின் குழிகள் இன்னும் சிறியவை. ஆகவே அதைப் படிக்கும் ஒளியும் வேறு.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். தட்டு உள்ளேதானே இருக்கிறது, ஏன் படிக்கவில்லை? வைத்தியர் நாடி பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில், குற்றம் தட்டிலா, கணினியிலா என்று பிரித்தறிய வேண்டும். நன்றாக ஓடும் வேறொரு தட்டைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் கணினியின் டிரைவ் நலமாக இருக்கிறது. சி.டி. ஓடி, டி.வி.டி. மட்டும் ஓடவில்லையா? டிரைவுக்குள் இரண்டுக்கும் தனித்தனி லேசர் உண்டு. ஒன்று ஓய்ந்து மற்றொன்று உழைக்கலாம். புளூரே என்னும் புதுவகைத் தட்டைச் சாதாரண டி.வி.டி. டிரைவ் படிக்கவே படிக்காது. பழைய ஊசியும் புதிய தட்டும் பொருந்தாத அதே கதைதான்.

எந்தத் தட்டும் ஓடவில்லையானால், கணினியில் உள்ள கருவிப் பட்டியலைத் திறந்து, டிரைவின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லை என்றால் இணைப்பு விட்டிருக்கலாம். பெயர் இருந்து, பக்கத்தில் மஞ்சள் குறி இருந்தால், அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். கணினி அதை மீண்டும் அடையாளம் கண்டு சேர்த்துக் கொள்ளும். வெளியிலிருந்து கம்பியால் இணைக்கும் டிரைவுக்கு மின்சாரம் போதாமல் போவதுண்டு. அதை நேராகக் கணினியிலேயே செருக வேண்டும். இன்னொன்று: 2012இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, டி.வி.டி. படம் ஓட்டும் வசதி கணினியோடு தானாக வருவதில்லை. தட்டில் உள்ள கோப்புகள் தெரியும், படம் ஓடாது. வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளைச் சேர்த்தால் ஓடும்.

அடுத்தது நம் மலைக்கே உரிய தொல்லை: ஈரம். அதிகாலைக் குளிரில் கிடந்த கணினியை, வெந்நீர் கொதிக்கும் அடுப்பங்கரைக்குக் கொண்டு வந்தால், டிரைவில் உள்ள சிறு கண்ணாடி வில்லையில் பனி படியும். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது போலத்தான். ஓரிரு மணி நேரம் திறந்து வைத்தால் அது தானே விலகும். தூசி படிந்திருந்தால் காற்றூதும் குமிழால் மெதுவாக ஊதலாம். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். அதற்கும் போகாவிட்டால், பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரே ஒரு சொட்டு தொட்டு, வில்லையை வருடினாற்போல் துடைத்து, காய விட வேண்டும். கணினியை அணைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

குற்றம் தட்டில் என்றால், அதன் முகத்தைப் பாருங்கள். தட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும்; வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஏன்? எழுத்துகள் சுருளாக ஓடுகின்றன. குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழிக்கும். 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்த முறையைக் கொண்டு, சுருளில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை விட்டுப் போனதைச் சி.டி. கருவி தானே கணக்கிட்டு நிரப்பிவிடும். சுருளோடு சேர்ந்து ஓடும் நீளமான கீறலை அதனால் நிரப்ப இயலாது. சி.டி.யில் மின்னும் பூச்சு, பெயர் எழுதும் மேற்பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது. ஆகவே கூர்மையான பேனாவால் அதன் மேல் எழுதினால் குரலையே கீறியதாகும். காகிதம் ஒட்டினாலும் தட்டு சமநிலை இழந்து ஆடும்.

வீட்டில் பதியும் தட்டுகளில் குழிகள் இல்லை, சாயம்தான் உண்டு. வெயிலில் கிடந்தால் சாயம் மங்கும். மேலும், பதிந்து முடித்ததும் தட்டை முடித்து வைத்தல் என்று ஒரு கட்டம் உண்டு. கடிதம் எழுதியவர் உறையை ஒட்டி முகவரி எழுதுவது போல. அதைச் செய்யாமல் விட்டால், பதிந்த கருவி மட்டுமே அந்தத் தட்டைப் படிக்கும். மற்றக் கருவிகள் வெறுந்தட்டு என்றே எண்ணும்.

அந்தத் தாயின் தட்டில் இருந்த குற்றம் இதுவே. வேறு தட்டுகள் அதே மடிக்கணினியில் ஓடின. அவர் தட்டில் கீறலும் இல்லை. பதிந்த கருவி எங்கே என்று விசாரித்தோம். தாப்பாவில் உள்ள உறவினர் வீட்டில், தொலைக்காட்சிக்கு அடியில், தூசி படிந்து இருந்தது. இரும்புக் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்தார்கள்! அதில் தட்டைப் போட்டோம், ஓடியது. முடித்து வைக்கும் கட்டளையையும் கொடுத்தோம். அதன் பின் மடிக்கணினியும் படித்தது. பெரியவர் பதினொரு நிமிடம் பேசினார். நடுவில் ஒரு முறை இருமி, "தண்ணி குடு ஆயி" என்று மகளைக் கேட்டார். அதைக் கேட்ட அந்தத் தாய் தம்மை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால் தட்டு இருந்திருக்கும், அதைப் படிக்கும் கருவி இருந்திருக்காது.

இதே நிலையைப் பெரிய அளவில் கண்டவர்கள் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஓடியன் நிறுவனம் 1932 முதல் 1938 வரை மும்பையிலும் சென்னையிலும் செயல்பட்டு, வட இந்திய, தென்னிந்திய இசையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை வெளியிட்டது. பிறகு தட்டுகள் சிதறின. பல ஆண்டுகள் கழித்து, இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின் கீழ் வீடு வீடாகத் தேடி, கிடைத்தவற்றைக் கணினிப் பதிவாக மாற்றினார்கள். அதோடு கவலை தீர்ந்ததா? 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகள் மீது நடந்த தாக்குதலால், அதன் இணையச் சேவைகள் பல மாதக் கணக்கில் முடங்கின. ஒரே இடத்தில் வைத்த பொருளுக்கு, அது எத்தனை பெரிய இடமானாலும், ஆபத்து உண்டு.

மடிக்கணினியிலும் தட்டின் காலம் முடிந்து வருகிறது. 2008இல் ஆப்பிள் நிறுவனம் டிரைவ் இல்லாத மெல்லிய மடிக்கணினியை வெளியிட்டது. மற்றவர்களும் அவ்வழியே போனார்கள். 2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம் பதிவு செய்யும் புளூரே தட்டுகளைச் செய்வதையே நிறுத்திவிட்டது.

ஆகவே நேயர்களே, இந்த வாரமே அலமாரியைத் திறவுங்கள். தட்டுகளை எடுத்துத் துடையுங்கள். யார் வீட்டில் ஓடும் டிரைவ் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு லயத்துக்கு ஒன்று இருந்தால் போதும். தட்டில் உள்ளதைக் கணினியிலும், விரலளவு நினைவுக் குச்சியிலும் பிரதி எடுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூரில் வேலை செய்யும் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். பேசியவர் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிரதி எடுத்த பின்னும் பழைய தட்டை எறிந்துவிட வேண்டாம். ஓடாத தட்டையும் எறிய வேண்டாம். வேறொரு டிரைவ் அதைப் படிக்கக் கூடும்.

நம் பாட்டன் பூட்டன் கதை அச்சுப் புத்தகங்களில் அதிகம் இல்லை. அது அவர்கள் வாயில் இருந்தது. அந்த வாய்மொழியில் ஒரு துளி, நம் வீட்டுத் தட்டுகளில் தங்கியிருக்கிறது. அது பேசும்போதே கேட்டு வைத்துக் கொள்வோம்.