யார் கொடுத்த காசு?

சில வருசங்களுக்கு முந்தி, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு கூடுதல் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். முன்னாள் மாணவர்களைத் தேடிப்பிடித்துச் சங்கத்தில் சேர்க்க வேண்டும்; அவர்களிடம் நிதி திரட்ட வேண்டும். துணைவேந்தர் கூப்பிட்டுச் சொன்னார்: “அமெரிக்காவுல பாருங்க சார். ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கெல்லாம் பழைய ஸ்டூடண்ட்ஸ் கோடி கோடியா கொடுக்கறாங்க. நம்ம பசங்க டி.சி. வாங்கினதோட சரி.” 2017இல் வந்த நாக் மதிப்பீட்டு முறையில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்று தனியாக மார்க் வைத்திருந்தார்கள். அந்த மார்க்தான் விஷயம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டில் வந்து சொன்னேன். எங்கம்மா கேட்டுச்சி: “பணம் கேட்டு ஊர்க்காரன் வூட்டு வாசல்ல நீ போயி நிப்பியா?” படித்த திமிரில் சிரித்துவிட்டேன்.

முதல் வேலை பட்டியல். அலுவலகத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. மந்திரியாக இருந்தவர், நீதிபதி, ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஆலை முதலாளி, வெளிநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருப்பவர். ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ஆதிதிராவிடர் நல விடுதியில் என்னோடு ஒரே அறையில் படுத்துப் படித்த ஒருத்தர் பெயரும் அதில் இல்லை. அந்த விடுதிப் பிள்ளைகள் இங்கே படிக்கவே இல்லை என்பது போல இருந்தது. ஏன் என்று கேட்டேன். பிரிவு உதவியாளர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: “கொடுக்கக்கூடிய ஆளுங்களத்தான் சார் எழுதி வச்சிருக்கோம்.”

கொடுக்கக்கூடியவர்கள், வாங்கக்கூடியவர்கள். ஒரு பொதுப் பல்கலைக்கழகம் தன் பிள்ளைகளை இப்படி இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினை வரலாற்றில் நிற்குமா? கொடுத்தவன் யார், வாங்கினவன் யார்? அந்த நாற்காலியில் இருந்த மூன்று வருசமும் இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

துணைவேந்தர் காட்டிய அமெரிக்காவையே முதலில் எடுத்துக்கொண்டேன். 1862 ஜூலை 2ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் மோரில் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாநிலத்துக்கு எத்தனை காங்கிரஸ் உறுப்பினர்களோ, ஆளுக்கு 30,000 ஏக்கர் வீதம் அந்த மாநிலத்துக்கு நிலம். அதை விற்றுவரும் பணத்தை முதலாகப் போட்டு, விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லித்தரும் கல்லூரிகளை நடத்த வேண்டும். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் மேல்படிப்பைத் திறந்துவிட்ட சட்டம் என்று இதைப் புகழ்வார்கள். புகழ்ச்சியில் நியாயமும் உண்டு. நிலம் யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

2020இல் ராபர்ட் லீ என்ற வரலாற்று ஆய்வாளரும், கியோவா பழங்குடியைச் சேர்ந்த பத்திரிகையாளர் டிரிஸ்டன் ஆட்டோனும் அதைத் துண்டு துண்டாகக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். சுமார் 1 கோடியே 7 லட்சம் ஏக்கர். ஏறக்குறைய 250 பழங்குடி இனங்களிடமிருந்து எடுத்த நிலம். பலன் அடைந்தவை 52 பல்கலைக்கழகங்கள். கலிபோர்னியாவில் 1851, 1852 வருசங்களில் பழங்குடிகளோடு 18 ஒப்பந்தங்கள் போட்டார்கள். செனட் அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டு, காகிதங்களை 1905 வரை வெளியே காட்டாமல் வைத்திருந்தது. ஒப்பந்தம் செல்லவில்லை, நிலம் மட்டும் போய்விட்டது. 1868இல் தொடங்கிய கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு மோரில் சட்டத்தில் கிடைத்தது 1,50,000 ஏக்கர். 2022இல்தான் அந்தப் பல்கலைக்கழகம், அரசு அங்கீகாரம் பெற்ற பழங்குடிகளைச் சேர்ந்த கலிபோர்னிய மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. நூற்றைம்பது வருசம் கழித்து, நிலம் கொடுத்தவன் பிள்ளைக்குச் சலுகை! பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கறுப்பு மக்கள் கதை இதற்கு அடுத்தது. 1890இல் இரண்டாவது மோரில் சட்டம் வந்தது. கறுப்பரைச் சேர்க்க மாட்டேன் என்கிற மாநிலம் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்து, பணத்தை நியாயமாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். ஊர்த்தெருவுக்கு ஒரு கல்லூரி, சேரிக்கு ஒரு கல்லூரி. நியாயம் எப்படி நடந்தது? 2023 செப்டம்பரில் அமெரிக்க மத்திய அரசின் கல்வித்துறை, விவசாயத்துறைச் செயலாளர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை மட்டும் இந்தக் கறுப்புப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் குறைத்துக் கொடுத்த தொகை 1,200 கோடி டாலருக்கு மேல் என்றது கணக்கு. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே 210 கோடி டாலர். வெள்ளைப் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர் வள்ளலாகத் தெரிகிறார். கறுப்புப் பல்கலைக்கழகம் கையேந்தி நிற்பதாகத் தெரிகிறது. வரவேண்டிய பாக்கியைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் யார் யாருக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார்கள்?

நம் ஊருக்கு வருவோம். நான் வேலை பார்த்தது சிதம்பரத்தில் இல்லை. ஆனாலும் நன்கொடை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அந்த ஊரைப் பார்க்க வேண்டும். அண்ணாமலைச் செட்டியார் 1920இல் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1928ஆம் வருசச் சட்டத்தின்படி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தமிழுக்கும் இசைக்கும் அங்கே நடந்த வேலையை யாரும் மறுக்க முடியாது. எங்கள் ஆட்களும் அங்கே படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் கொடுத்தவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் இணைவேந்தர் பதவி பரம்பரையாகப் போகும்படி சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கோயிலுக்குப் பரம்பரை அறங்காவலர் மாதிரி. நிதி நெருக்கடி முற்றி, 2013இல் அரசு நிர்வாகியைப் போட்டுப் புதுச் சட்டம் கொண்டுவரும் வரை, 84 வருசம் அது நீடித்தது. ஒரு தலைமுறை கொடுத்த காசுக்கு எத்தனை தலைமுறைக்கு நாற்காலி?

அதே சிதம்பரத்தில், மீனாட்சி கல்லூரிக்கும் 4 வருசம் முந்தி, 1916இல் இன்னொரு பள்ளிக்கூடம் தொடங்கியது. சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நந்தனார் பள்ளி. ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த அந்த மனுசன், 1926இல் சட்டசபைக்குப் போனதும் கல்விக்காகத்தான் பேசினார். 1959இல் இறந்தார். துறவி. அவர் பெயரில் பதவி கேட்க வாரிசு இல்லை. அங்கே படித்து, வாத்தியாராகவும் குமாஸ்தாவாகவும் போய், தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார்களே, அவர்கள்தான் வாரிசு. தமிழ்நாட்டு உயர்கல்வியின் புரவலர்கள் என்று புத்தகம் போடுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார்களா, பாருங்கள்.

நன்கொடையில் படித்தவர்களில் நமக்குத் தெரிந்த பெரிய ஆள் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் உதவியோடு கொலம்பியாவுக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருசத்துக்கு. திரும்பி வந்து பரோடா அரசில் பத்து வருசம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 1917இல் சொன்னபடி வந்தார். படிக்க வைத்த ஊரில் படுக்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பெயரை மாற்றித் தங்கினவரைத் தடியோடு வந்து துரத்தினார்கள். மன்னர் நல்லவர்தான். ஒருத்தர் நல்ல மனசு ஒரு ஊரின் சாதியைத் தாண்டிக் காப்பாற்றாது.

இந்த அனுபவத்திலிருந்து அவர் போன பாதையைக் கவனியுங்கள். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தபோது, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் மத்திய அரசு பணம் கொடுக்கிறதே, தாழ்த்தப்பட்ட மக்களின் படிப்புக்கு எங்கே பங்கு என்று மனு எழுதிக் கேட்டார். 1944இல் மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தொடங்கியது. கருவூலத்தில் கேட்டு வாங்கிய பங்கு அது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் தொடங்கினார். அரசிடம் பங்கு கேட்பது, நாமே கட்டுவது. இரண்டையும் அவர் ஒன்றாகச் செய்தார்.

அந்த உதவித்தொகைதான் என்னையும் படிக்க வைத்தது. 2020 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு ஐந்து வருசத்துக்கு 59,048 கோடி ரூபாய் என்று ஒப்புதல் கொடுத்தது. மத்திய பங்கு 60 சதம், மாநிலப் பங்கு 40 சதம். இந்தப் பணம் கட்டணமாகக் கல்லூரிகளுக்குள் போகிறது. எந்தக் கல்லூரியாவது இதை வரவு என்று சொல்லி நன்றிப் பலகை வைத்திருக்கிறதா? பெரிய மனிதர் கொடுக்கிற நன்கொடைக்கோ வரிச்சலுகை ரசீது உண்டு. கருவூலத்துக்குப் போகவேண்டிய வரியில் ஒரு பகுதியும் சேர்ந்துதான் அந்த நன்கொடை. பலகையில் அவர் பெயர் மட்டும் இருக்கும்.

இப்படி ஒரு பெரிய மனிதர் வீட்டுக்கு நானும் போனேன். புதுக் கட்டடத்துக்குத் தாத்தா பெயரைச் சாதிப் பட்டத்தோடு வைத்தால் பணம் தருவதாகச் சொன்னார். கூட வந்த அதிகாரிக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்குப் பேப்பர் கப். ரொம்ப மரியாதையாகத்தான் நீட்டினார்கள். எங்கம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அந்தக் கட்டடம் வரப்போகிற இடம் மேய்க்கால் புறம்போக்கு. எங்கள் தெரு மாடுகள் மேய்ந்த இடம்.

திரும்பி வந்து பழைய ரிக்கார்டு அறையைத் திறக்கச் சொன்னேன். கறையான் தின்றது போக மிச்சம் இருந்தது அக்விட்டன்ஸ் ரோல். உதவித்தொகை வாங்கினவர்கள் கையெழுத்துப் போடும் பேரேடு. வருசம் வாரியாக, துறை வாரியாக, அப்பா பெயரோடு, ஊரோடு எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். எங்களுக்கு இருந்த ஒரே முன்னாள் மாணவர் பதிவேடு அதுதான். நூற்றுச் சொச்சம் பேருக்குக் கடிதம் போட்டேன். பாதி திரும்பி வந்தது. முப்பது பேருக்கு மேல் பதில் எழுதினார்கள்.

தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார். “தம்பி, நாப்பது வருசத்துல யுனிவர்சிட்டிலேர்ந்து எனக்கு வந்த மொதக் கடுதாசி இதான்” என்றார். பேரேட்டை எடுத்துக் காட்டினேன். தன் கையெழுத்தை விரலால் தடவினார். “இதுல கையெழுத்து வாங்கும்போது கிளார்க்கு என்னா சொல்லுவான் தெரியுமா? கவர்மெண்டு மாப்பிள்ளைங்க வந்துட்டானுங்கன்னுவான். பணத்த எண்ணிக்கூடப் பாக்காம வந்துடுவேன்.” மஞ்சப்பையிலிருந்து பத்தாயிரம் ரூபாய் எடுத்து மேசைமேல் வைத்தார். “பேரெல்லாம் போடவேணாம். ஸ்காலர்ஷிப்பு லேட்டா வர்ற புள்ளைங்களுக்குப் பரீட்சை பீசு கட்டிடு.”

1978இல் கான்ஷிராமும் தோழர்களும் பாம்செப் அமைப்பைத் தொடங்கியபோது, படித்து வேலைக்குப் போன நம்மவர்கள் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பெரியவர் பாம்செப்பில் இருந்தவரில்லை. ஆனால் யாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பேரேட்டில் இருந்தவர்கள் கொடுத்த பணத்தில் பரீட்சைக் கட்டண நிதி ஒன்று தொடங்கினோம். நன்கொடைப் பலகைக்கு ஒரு லட்சத்துக்குக் குறைந்தவர் பெயர் எடுக்க முடியாது என்று குழு முடிவு செய்தது. அப்படியானால் பலகையின் முதல் வரியாக, இந்தப் பல்கலைக்கழகம் மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது என்று செதுக்குங்கள் என்றேன். அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்று குறிப்பில் எழுதினார்கள். அந்த அடுத்த கூட்டம் நடப்பதற்குள் என் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கல்லூரியிலும் அந்தப் பேரேடு இருக்கும். இப்போது உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது; கையெழுத்துப் பேரேட்டுக்கு வேலை இல்லை என்று தூக்கிப் போடுவார்கள். நம் தாத்தாக்களும் அப்பாக்களும் அக்காக்களும் இந்த நாட்டின் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்ததற்கு அதுதான் சாட்சி. பழைய காகிதத்தை எடைக்குப் போடுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். பெயர்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.