அடைமழைக்கு ஜிப் கவர் வாங்கப் போறீங்களா? ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை நனையாமல் இருக்க கவனிக்க வேண்டியவை

திருவள்ளூர்,

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே திருவள்ளூர் மாவட்டத்தில் பலருக்கு தூக்கம் போய் விடும். பூண்டி ஏரி நிரம்பினால் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும். ஆந்திராவில் உள்ள பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆற்றில் வெள்ளம் வரும். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வரை கரையோர மக்கள் மூட்டை முடிச்சுடன் தயாராக இருக்க வேண்டியதுதான்.

அப்படி அவசரத்துக்கு எடுத்து வைக்கும் பையில் என்ன இருக்க வேண்டும் என்பது இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட், பிரஷர், சுகர் மாத்திரை, டார்ச் லைட், செல்போன் சார்ஜர், கொஞ்சம் பணம். ஆனால் பை தயாராக இருந்தும் உள்ளே இருப்பது நனைந்து போனால் என்ன பிரயோஜனம்? அதற்குத்தான் ஜிப் கவர். திறந்து மூடும் இந்த பிளாஸ்டிக் பையை எப்படி பார்த்து வாங்குவது என்ற விவரம் வருமாறு:-

காகிதம் போனால் நிவாரணமும் தள்ளிப் போகும்

2015-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை, காஞ்சீபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களை பெருவெள்ளம் புரட்டிப் போட்டது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததில் ஏராளமானோர் ரேஷன் கார்டு, பட்டா, பத்திரம், கல்விச் சான்றிதழ்களை பறிகொடுத்தனர். அவற்றின் நகல் கொடுப்பதற்காக தமிழக அரசு சிறப்பு முகாம்களை நடத்த வேண்டி வந்தது. வெள்ளத்தில் பாஸ்போர்ட் போனவர்களுக்கு கட்டணம் இல்லாமல் புது பாஸ்போர்ட் தரப்படும் என்று மத்திய அரசும் அறிவித்தது.

2021-ம் ஆண்டு நவம்பரில் ஆரணி, கொசஸ்தலை ஆறுகளில் மீண்டும் வெள்ளம். 2023-ம் ஆண்டு டிசம்பர் 3, 4-ந்தேதிகளில் மிச்சாங் புயல் மழை. அந்த புயல் 5-ந்தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையை கடந்தாலும், மழையில் சிக்கியது சென்னை, திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள். அப்போது அரசு அறிவித்த 6 ஆயிரம் ரூபாய் நிவாரணம், டோக்கன் கொடுத்து ரேஷன் கடைகள் மூலமாகவே வழங்கப்பட்டது. ஆக வெள்ளம் வடிந்த மறுநாளே கையில் தேவைப்படுவது கார்டுதான்.

கும்மிடிப்பூண்டியில் கூடுதல் சிக்கல்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் உள்ளிட்ட வட மாநிலங்களை சேர்ந்த தொழிலாளர்கள் அறை எடுத்து தங்கி வேலை செய்கிறார்கள். ஒரே அறையில் பலர் தங்கி இருப்பதால் பெட்டி, படுக்கை எல்லாம் தரையில்தான் இருக்கும். முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே எல்லாம் போச்சு. ஆதார், இ.எஸ்.ஐ. கார்டு, கம்பெனி அடையாள அட்டை, பி.எப். நம்பர் எழுதிய சீட்டு இவை போனால், சொந்த ஊருக்கும் இங்குமாக அலைய வேண்டியது வரும்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உள்ளது. அங்குள்ள பெரியவர்கள் பலரிடம் இலங்கையில் இருந்து எடுத்து வந்த பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று போன்ற பழைய காகிதங்கள் இருக்கும். ஊரையே விட்டு வந்தவர்களுக்கு அதை மறுபடி வாங்குவது லேசான காரியம் அல்ல. இவர்களுக்கு நல்ல கவர் என்பது வீண் செலவு இல்லை.

எந்த கவர் தாங்கும்?

பேக்கிங் பொருட்கள் விற்கும் கடைகளிலும், பேன்சி ஸ்டோர்களிலும் பல வகை ஜிப் கவர்கள் கிடைக்கின்றன. பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியவை இவைதான்.

தடிமன்: இதை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் 1 மில்லி மீட்டர். ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் தடிமன் சுமார் 100 மைக்ரான் இருக்கும். கம்மல், மூக்குத்தி போட்டுத் தரும் மெல்லிசு கவர் இதற்கு ஆகாது. நகம் பட்டாலே கிழிந்து விடும். 75 மைக்ரானுக்கு மேல் இருப்பது நல்லது. பத்திரம், சான்றிதழுக்கு 100 மைக்ரான் என்றால் இன்னும் நல்லது. சில கடைகளில் கவரின் 2 பக்கத்தையும் சேர்த்து கணக்கு சொல்வது உண்டு. எனவே "ஒரு பக்கத்துக்கு எத்தனை மைக்ரான்?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஜிப்: ஒற்றை வரி ஜிப், இரட்டை வரி ஜிப் என்று 2 வகை உண்டு. இரட்டை வரிதான் பாதுகாப்பு. ஒரு வரியில் மணல் சிக்கி திறந்து கொண்டாலும் இன்னொன்று தாங்கும். கைப்பிடி போல இருக்கும் பட்டனை இழுத்து மூடும் கவர் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த பட்டன் போய் நிற்கும் மூலையில் சின்ன இடைவெளி இருக்கும். அதன் வழியாக தண்ணீர் உள்ளே போகும். பிரிட்ஜில் காய்கறி வைக்க அது போதும், வெள்ளத்துக்கு போதாது. விரலால் அழுத்தி மூடும் கவரே மேல்.

ஓட்டை: சட்டை, சுடிதார் வாங்கும்போது கிடைக்கும் ஜிப் கவரை பலர் பத்திரப்படுத்தி வைப்பார்கள். அதில் காற்று போவதற்காக சின்ன ஓட்டைகள் போட்டிருப்பார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து பார்த்தால் தெரியும். ஜிப்புக்கு மேலே, மாட்டி வைப்பதற்கு இருக்கும் ஓட்டையால் பாதிப்பு இல்லை. ஜிப்புக்கு கீழே ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் அந்த கவர் வேண்டாம்.

பக்கவாட்டு ஒட்டு: கவரின் 2 ஓரங்களையும் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். பிரிந்து வந்தால் வாங்கக் கூடாது.

அளவு: கடையில் இஞ்ச் கணக்கில் கேட்பார்கள். ஏ4 காகிதம் 8¼ இஞ்ச் அகலம், 11¾ இஞ்ச் நீளம். அதற்கு 10-க்கு 14 கவர் சரியாக இருக்கும். பத்திரம் இதைவிட நீளம் என்பதால் 12-க்கு 16 தேவைப்படும். திணித்து மூடினால் ஜிப் தானாக திறந்து கொள்ளும். மேலே 2 இஞ்ச் காலியாக இருக்க வேண்டும்.

பக்கெட் சோதனை

கடைக்காரர் சொல்வதை நம்புவதைவிட வீட்டில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரு துண்டு நியூஸ் பேப்பரை கவருக்குள் போட்டு, காற்றை வெளியேற்றி மூட வேண்டும். ஜிப்பின் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை விரலால் 2 முறை அழுத்திக் கொண்டே போக வேண்டும். பிறகு பக்கெட் தண்ணீருக்குள் முழுசாக அமுக்கி, மேலே ஒரு கல்லை வைக்க வேண்டும். கல்லில் கூர் முனை இருக்கக் கூடாது.

கால் மணி நேரம் கழித்து எடுத்து, வெளிப்பக்கத்தை நன்றாக துடைத்த பிறகே திறந்து பார்க்க வேண்டும். பேப்பர் கருத்து ஈரமாகி இருந்தால் அந்த கவரை மளிகை சாமானுக்கு வைத்துக் கொள்ளலாம். காய்ந்த பேப்பராகவே வந்தால் அந்த கவர் பாஸ்.

உள்ளே வைக்கும் முறை

எல்லாவற்றையும் ஒரே கவரில் போடுவது தப்பு. ஒன்று கிழிந்தால் அத்தனையும் நனையும். மேலும் ரேஷன் கார்டை எடுக்க திறக்கும்போது பத்திரமும் மழையில் நனையும். அடிக்கடி எடுப்பது தனி, எடுக்காதது தனி, மருந்து தனி, செல்போன், சார்ஜர், பவர் பேங்க் தனி என்று பிரித்து வைக்க வேண்டும்.

காகிதங்களில் உள்ள குண்டூசி, ஸ்டேப்ளர் பின்னை எடுத்து விட வேண்டும். மாத்திரை அட்டையின் மூலை கத்தி மாதிரி இருக்கும். அதை காகிதத்தில் சுற்றி வைத்தால் கவர் கிழியாது. மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்துப் போடக் கூடாது. பெயரும், காலாவதி தேதியும் அட்டையில்தான் இருக்கும். டாக்டர் சீட்டின் ஜெராக்ஸ் ஒன்றையும் அதனுடன் வைக்கலாம்.

டார்ச் லைட்டில் இருந்து பேட்டரியை கழற்றி தனியாக வைத்தால், பேட்டரி கசிந்து லைட் வீணாவதை தடுக்கலாம். செல்போனை கவருக்குள் வைத்தபடியே பேசலாம், திரையையும் தொட்டு இயக்கலாம்.

மூடும் முன் காற்றை வெளியேற்றுவது முக்கியம். காற்று இருந்தால் மூட்டையில் அழுத்தம் பட்டு ஜிப் திறந்து கொள்ளும். மழை நாளில் மூடினால் உள்ளே இருக்கும் ஈரமே காகிதத்தை பூசணம் பிடிக்க வைக்கும். வெயில் அடிக்கும் நாளில், காய்ந்த கையுடன் மூட வேண்டும். புது செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடலாம். அது குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது.

பிறகு கவரின் வாயை ஒரு முறை மடித்து டேப் ஒட்டி, அதை இன்னொரு ஜிப் கவருக்குள் போட வேண்டும். ஒரு கவர் போதாது, இரண்டு இருந்தால்தான் நம்பலாம்.

ஜிப் கவரை மட்டும் நம்பக் கூடாது

எவ்வளவு நல்ல கவராக இருந்தாலும் நாள் கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் தாங்காது. அதனால் கவர்களை எல்லாம் ஒரு பெயிண்ட் வாளிக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடி பரண் மேல் வைப்பது நல்லது. காலி பெயிண்ட் வாளியை கழுவி நன்றாக காய வைத்து எடுத்தால் காசு செலவே இல்லை. கைப்பிடியும் இருக்கும், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்.

பல வருடம் எடுக்கவே வேண்டாம் என்ற பத்திரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. முறுக்கு, மிக்சர் பாக்கெட் போடும் சின்ன கடைகளில் கவரின் வாயை சூட்டில் ஒட்டுவார்கள். அதே முறையில் தடிமனான கவரை ஒட்டி விடலாம். ஒட்டும் இடத்தில் இருந்து பத்திரம் 3 இஞ்ச் தள்ளி இருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

பைல்களில் வரும் மெத்து மெத்தென்ற, வாசனை அடிக்கும் பி.வி.சி. உறையில் ஜெராக்ஸ் காகிதத்தை வைத்தால் நாளடைவில் எழுத்து உறையில் ஒட்டிக் கொண்டு வந்து விடும். சாதா பாலித்தீன் கவரில் அந்த தொல்லை இல்லை.

ஒரிஜினல் சான்றிதழை லேமினேஷன் செய்வதும் சரி அல்ல. ஓரம் பிரிந்து தண்ணீர் போனால் உள்ளேயே தங்கி விடும். காகிதம் கிழியாமல் பிரித்து எடுக்கவும் முடியாது.

கடையில் சாமான் வாங்கும் கேரி பேக்கை நம்புவதும் வீண். தமிழகத்தில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு தடை உள்ளது. தவிர, முடிச்சு போட்ட பை வழியாக தண்ணீர் தாராளமாக உள்ளே போகும்.

கருப்பு கலர் கவரில் பிஸ்கட், பால் பவுடர் வைக்கக் கூடாது. அது பெரும்பாலும் மறுசுழற்சி பிளாஸ்டிக். சாப்பாட்டுப் பொருளுக்கு உணவுக்கு உகந்தது என்று அச்சிட்ட, நிறம் இல்லாத கவரே ஏற்றது.

வெள்ளம் வடிந்த பிறகு

தொழிற்பேட்டை பகுதியில் ஓடி வரும் வெள்ளம் வெறும் மழைத் தண்ணீராக இருக்காது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்துடன் எண்ணெய் கலந்து வந்ததை யாரும் மறக்க முடியாது. எனவே கவரின் வெளிப்பக்கத்தை சோப்பு போட்டு கழுவி, துடைத்து, ஜிப் ஓரம் காய்ந்த பிறகே திறக்க வேண்டும்.

அப்படியும் காகிதம் நனைந்து விட்டால் வெயிலில் போடக் கூடாது. ஒன்றோடு ஒன்று ஒட்டி இருப்பதை பிய்க்கவும் கூடாது. நிழலில், மின்விசிறி காற்றில், வெள்ளைத் துணி மேல் பரப்பி காய வைக்க வேண்டும். பத்திரம் முழுசாக வீணாகி விட்டால், பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு மனு கொடுக்கலாம்.

கையில் செல்போன் இருப்பவர்கள் ஆதார், டிரைவிங் லைசென்ஸ் போன்றவற்றை மத்திய அரசின் டிஜிலாக்கரில் சேர்த்து வைக்கலாம். மற்ற காகிதங்களை போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வைத்தால், செல்போனே தண்ணீரில் போனாலும் நகல் ஒன்று பத்திரமாக இருக்கும்.

கவரும் காலத்துக்கும் உழைக்காது. வெயில் பட்டால் ஜிப் விறைத்துப் போகும். வருடம் ஒரு முறை, புரட்டாசி மாதத்திலேயே எல்லாவற்றையும் எடுத்து பக்கெட் சோதனை செய்து, சந்தேகம் உள்ள கவரை மாற்றி விட வேண்டும். காலாவதி ஆன மாத்திரையையும் அப்போதே மாற்றலாம்.

வெள்ள அவசரத்துக்கு மாவட்ட கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநில கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் பொதுமக்கள் தொடர்பு கொள்ளலாம். இந்த 2 எண்களையும் ஒரு சீட்டில் பால் பாயிண்ட் பேனாவால் எழுதி, வெளியே தெரியும்படி மேல் கவருக்குள் வைப்பது நல்லது. மை பேனா, ஜெல் பேனாவில் எழுதினால் ஈரம் பட்டதும் அழிந்து விடும்.