அச்சுக்கூடமே பள்ளிக்கூடம்

அடையாற்றில், அன்னி பெசன்ட் அம்மையார் முன்னின்று நடத்திய தேசிய சர்வகலாசாலையில், 1920-ஆம் ஆண்டு பத்திரிகைத் தொழிலுக்கென்று ஒரு வகுப்புத் தொடங்கப்பட்டது. அதற்கு முன் இந்தியாவில் எந்தச் சர்வகலாசாலையும் இத்தொழிலைப் பாடமாக வைத்ததில்லை. அலிகாரில் 1938-லும், லாகூரில் 1941-லும்தான் இம்முயற்சி மீண்டும் தலையெடுத்தது. ரவீந்திரநாத தாகூரை வேந்தராகக் கொண்டிருந்த அந்த ஸ்தாபனத்தின் மாணவர்கள், ஆசிரியர் சொன்னதைக் குறிப்பெடுத்ததோடு நின்றுவிடாமல், அம்மையாரின் 'நியூ இந்தியா' தினசரியில் நேராகவே வேலை பழகினார்கள். அவர்கள் பழகியது சாமான்யமான பத்திரிகை அன்று. 1916-இல் சர்க்கார் இரண்டாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, அதைப் பறிமுதல் செய்து, பின்னும் பத்தாயிரம் கேட்ட பத்திரிகை அது. ஒரு வாக்கியத்துக்கு என்ன விலை என்பதை அந்த மாணவர்களுக்குத் தனியே போதிக்க வேண்டிய அவசியம் இருந்திராது.

வகுப்பு சில ஆண்டுகளே நடந்தது. ஆயினும் அடையாற்றில் கடைப்பிடித்த முறை புதிதன்று என்பது என் அபிப்பிராயம். படிப்பவன் தானே எழுதி, எழுதியதைத் தானே சோதித்துக் கற்றுக்கொள்ளும் அந்த வழியைச் சென்னைப் பட்டணம் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது.

1878-இல் முத்துசாமி ஐயர் ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமனம் பெற்றபோது, வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைக் குறை கூறின. அதற்கு மறுமொழி சொல்ல இந்தியர் கையில் தக்க பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடி வாதம் செய்து பழகிய ஆறு இளைஞர்கள், அவர்களில் இருவர் உபாத்தியாயர்கள், நால்வர் சட்டம் படிக்கும் மாணவர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, செப்டம்பர் 20-ஆம் தேதி தங்கசாலைத் தெருவில் ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது பிரதிகள் அச்சிட்டு 'ஹிந்து'வை வெளிக்கொணர்ந்தார்கள். அவர்களுள் தலைமை வகித்த ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. பத்திரிகைத் தொழிலை அவருக்குக் கற்பித்தவர் யாரும் இல்லை. தாங்கள் எதிர்த்த பத்திரிகைகளையே நாள்தோறும் கூர்ந்து படித்ததும், சங்கத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கக் கேட்டதும், தாம் சொன்னதன் பலவீனத்தை அங்கேயே உணர்ந்ததும்தான் அவர்கள் பெற்ற பயிற்சி. மயிலாப்பூரிலும் சில காலம் அச்சாகி, 1883-இல் மௌண்ட் ரோட்டுக்குக் குடிபெயர்ந்த அப்பத்திரிகை, 1889-இல் தினசரியாயிற்று.

சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திர'னுக்கு 1904 நவம்பரில் உதவி ஆசிரியராக வந்து சேர்ந்த சுப்பிரமணிய பாரதிக்கு, ஆங்கிலச் செய்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்குவதே பிரதான வேலை. கவிஞனுக்கு இது தகுமா என்று வருந்துபவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். பிறர் வாக்கியத்தைத் தன் மொழியில் சொல்ல உட்காருகிறவனுக்கு, தனக்கு எது விளங்கியிருக்கிறது, எது விளங்கியதுபோல் மயக்குகிறது என்பது உடனே வெளிப்பட்டுவிடும். இரண்டே ஆண்டுகளில் அந்த இளைஞர் 'இந்தியா' வாரப் பத்திரிகையில் தம் சொந்தக் குரலில் எழுதத் தொடங்கிவிட்டார்.

அக்காலத்து அச்சுக்கூடத்தில் புரூப் பார்ப்பது என்று ஒரு காரியம் இருந்ததே, அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி, மை தடவி, ஈரத் தாளில் ஒற்றியெடுத்து நீளமான தாளாகக் கொண்டுவந்து கொடுப்பார். சொந்தக் கையெழுத்தில் இருக்கும்வரை நமக்கு வேண்டியதாகவே தோன்றும் வாக்கியம், அந்த நீளத் தாளில் யாரோ எழுதியதுபோல் எதிரே நிற்கும். மிகையான சொல்லும், ஆதாரமில்லாத கோபமும் அப்போதுதான் கண்ணில் படும். ஓரத்தில் கோடிட்டு ஒரு சொல்லை நீக்கினால், அச்சுக்கோப்பவர் அந்த வரியைப் பிரித்து மீண்டும் அடுக்க வேண்டும். மற்றொருவருடைய உழைப்பை வீணாக்குகிறோம் என்ற கூச்சம், அடுத்த கட்டுரையை எழுதும்போதே எழுதுபவரை நிதானிக்கச் செய்தது. மாணவர் எழுத்தாளருக்கு இதைவிடத் தாட்சண்யமற்ற, இதைவிடப் பயனுள்ள ஆசிரியரை நான் அறியேன்.

இராயப்பேட்டையில் வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் பதவியைத் துறந்து, 1917-இல் 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியராகி, பின்னர் 'நவசக்தி'யை நடத்திய திரு.வி.க.விடம் 1923-இல் ஓர் இளைஞர் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளி இறுதிப் பரீட்சையையே எழுதாமல் வெளியேறிச் சிறைக்கும் சென்று வந்த ரா. கிருஷ்ணமூர்த்தி அவர். திரு.வி.க.வின் நடை கம்பீரமானது, நீண்டு ஓடுவது; அதன் அருகிலேயே அமர்ந்து ஐந்தாண்டுகள் வேலை செய்த இளைஞர், அதைப் பிரதி செய்ய முற்படாமல், பேச்சின் துள்ளலும் நகைச்சுவையும் கொண்ட வேறொரு நடையைத் தமக்கென்று வளர்த்துக்கொண்டார். குருவிடம் பக்தி குறையாமலே குருவின் நடையினின்று விலகுவதற்குத் தன் இயல்பைத் தானே ஆராய்ந்தறிந்த தெளிவு வேண்டும். 1928-இல், 'நவசக்தி'யில் இருந்துகொண்டே, 'தேனீ' என்ற புனைபெயரில் 'ஆனந்த விகட'னுக்கு எழுதினார். பின்னர் அதன் ஆசிரியப் பொறுப்பையே ஏற்றார். பள்ளி இறுதிச் சான்றிதழ்கூட இல்லாத அவர், தம் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையை ஆரம்பித்தது 1941-இல். சென்னைச் சர்வகலாசாலை பத்திரிகைத் தொழிலில் டிப்ளமா வகுப்பைத் தொடங்கியது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து.