பற்றும் பரிவும்

ஒலுவில் துறைமுகத்திலிருந்து கரையோரமாக வடக்கே போனால் நிந்தவூர், அதையடுத்துக் காரைதீவு. 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். 1924இல் துறவு பூண்ட அவரைப் ‘பற்றற்றவர்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர் சார்ந்த இராமகிருஷ்ண மிஷன் கல்லடி உப்போடையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியது. பற்றை விட்டவருக்கு ஊரார் பிள்ளைகள்மேல் ஏன் இத்தனை கரிசனை?

பதஞ்சலியின் யோக சூத்திரம் மனத்தை வருத்தும் கிலேசங்கள் ஐந்து என்கிறது. அவற்றுள் ராகம் என்பது அன்பன்று. முன்பு கண்ட இன்பத்தின் பின்னே மனம் இழுபடுவது. முன்பட்ட துன்பத்தை நினைத்து வெறுத்து விலகுவது துவேஷம். மனம் தெளிய அதே நூல் மைத்திரியையும் கருணையையும் பயிலச் சொல்கிறது. உறவை அறுக்கச் சொல்லவில்லை.

ஆங்கில உளமருத்துவர் ஜோன் போல்பி, தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வேர்த் உகண்டாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் தாய்மாரையும் சேய்களையும் கவனித்தார். தாய் வருவாள் என்ற நம்பிக்கை இல்லாத குழந்தை ஒன்றில் விடாமல் ஒட்டிக்கொள்ளும். அல்லது தாய் வந்தாலும் முகந்திருப்பும். வளர்ந்தபின் கணவன் மனைவிக்கிடையிலும் இந்த இரண்டும் தலைகாட்டுவதுண்டு. ராகமும் துவேஷமும் ஞாபகத்துக்கு வரவில்லையா? ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது: போல்பிக்குப் பிணைப்பு நோயன்று, பசியைப் போன்ற தேவை. ‘எனக்கு ஒருவரும் வேண்டாம்’ என்று ஒதுங்குவதை வைராக்கியம் என்பவர்கள் இருவரையுமே படிக்கவில்லை.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மனத்தை அமைதிப்படுத்த அவரவர் மரபையே கைக்கொண்டார்: இந்துக்களுக்கு மந்திர ஜபம், முஸ்லிம்களுக்கு திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் இந்தக் கரைக்கு அந்த வழி பொருந்தும்.

கடல் பிரித்தவர்கள் ஒருபுறம். வறுமை பிரித்தவர்கள் மறுபுறம். மத்திய கிழக்கில் வேலை செய்து இரண்டு வருடங்கழித்து வரும் தாயைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளியும் பிள்ளையைப் ‘பாசமில்லாதது’ என்று ஏசுகிறோம். அது பாசமின்மையன்று, பயம். அப்பியாசம் வேரூன்ற நீண்ட காலம், இடைவிடாமை, சிரத்தை வேண்டும் என்கிறார் பதஞ்சலி. அந்தத் தாய்க்கும் அதுவே வேண்டும்: சொன்ன நேரத்துக்குச் சோறூட்டுவது, பாடசாலை விடும்போது வாசலில் நிற்பது, பிள்ளை கையைத் தட்டிவிடும் நாளிலும் மறுநாள் வந்து நிற்பது.