எந்த வேலூர்?

வெற்றிலைக்கும் வாழைக்கும் பேர்போன பரமத்தி வேலூர் காவிரிக்கரையில் இருக்கிறது. கோட்டைக்குப் பேர்போன வேலூரோ பாலாற்றங்கரையில். உறையில் வெறுமனே ‘வேலூர்’ என்று எழுதிப் போட்டால், பாட்னாவில் தபால் பிரிப்பவர் என்ன செய்வார்?

ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகள், அரைகுறை முகவரிகள். இதற்கெல்லாம் விடையாக 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அதை வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். சமஸ்கிருதக் கவிஞரும்கூட.

ஆறே இலக்கங்கள். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிப் பக்கம். தொலைவில் இருப்பவருக்கு அது போதும். தெற்கே போகும் பையில் போட்டுவிடுவார். முதல் மூன்றும் சேர்ந்து 636 என்றால் சேலம், 637 என்றால் நாமக்கல் வட்டாரம். அதன்பின் 211 வந்தால் திருச்செங்கோடு, 408 வந்தால் ராசிபுரம். நாட்டிலுள்ள ஊர்களையெல்லாம் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவரவர் அடுத்த கட்டத்தை மட்டும் அறிந்தால் போதும்.

இன்று வயலிலும் அணையிலும் ஆயிரக்கணக்கில் பரப்பப்படும் கம்பியில்லா உணரிகளுக்கும் இதே நெருக்கடிதான். சின்ன பேட்டரி, சொற்ப நினைவகம். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுக்கும் வழி தெரிந்து வைத்திருக்க முடியாது. அதனால் அவற்றைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு தலைமை வைக்கிறார்கள். பெரிய வலையமைப்புகளில் அடுக்கடுக்காக வழி காட்டுவது எவ்வளவு சிக்கனம் என்று லியோனார்ட் கிளைன்ராக், ஃபாரூக் காமூன் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டது 1977-இல். அதற்கு ஐந்தாண்டு முன்பே நம் தபால் பைகள் அப்படிப் பயணப்படத் தொடங்கிவிட்டன.

மீண்டும் பின்கோடுக்கு வருவோம். சேலம் வட்டாரத்தில் அந்த எண்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: அவை மாவட்ட எல்லையை மதிப்பதில்லை. தருமபுரி 1965-இலேயே சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். ஆனாலும் அதன் எண் 636701. சேலம் மாவட்டத்துச் சங்ககிரிக்கும் எடப்பாடிக்கும் தொடக்கம் 637. பாலத்தைத் தாண்டினால் ஈரோடு என்று இருக்கும் பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டம். எண்ணோ ஈரோட்டின் 638006. அதே நாமக்கல் மாவட்டத்தில், பவானிக்கு எதிர்க்கரையான குமாரபாளையம் 638183. பரமத்தி வேலூரும் அப்படித்தான்: 638182.

இதைக் குழப்பம் என்பது சரியல்ல. கடிதம் போவது தாலுகா எல்லைக்கோட்டின் மீதல்ல, ரயிலிலும் சாலையிலும். சேலத்துக்கு 1861-இலேயே ரயில் வந்துவிட்டது. நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் ஓடியது 2013-இல்தான். அதுவரை நாமக்கல்லின் தபால் பைக்குச் சாலையே கதி.

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது கலெக்டர் அலுவலகம் வந்தது, பலகைகள் மாறின. குமாரபாளையத்தின் 638183 மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே இந்தப் பக்கத்து ஊர்களுக்கு எழுதுபவர்கள் மாவட்டத்தை வைத்துப் பின்கோடை ஊகிக்க வேண்டாம். அந்தந்த ஊர் அஞ்சலகத்தின் எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.