பங்கீட்டரிசியும் திரிபோஷாவும்: தாய் சேய் போஷாக்கு முயற்சிகளில் தோட்டப்புறத்தின் நிலை

இலங்கை அரசு குடிமக்களின் அடுப்பங்கரை வரை செல்ல நேர்ந்தது இரண்டாம் உலகப் போரினாலாகும். 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி தடைப்பட்டது. அதனையொட்டிப் புகுத்தப்பட்ட பங்கீட்டு முறை, போர் ஓய்ந்த பின்னரும் நீங்காது அரசியலின் அச்சாணியாகவே மாறிற்று. 1953 இல் கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசு, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். இந்நிகழ்ச்சியை எழுதுவோர் அரிசி விலையையே விரித்துரைப்பர். பிள்ளைகளின் மதிய உணவு ஒரு வரியில் அடங்கிவிடும்.

மானிய அரிசியின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. 1946 இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 141 ஆக இருந்த சிசு மரண வீதம், 1970களின் தொடக்கத்தில் 50 இற்குக் கீழிறங்கியது. மலேரியாத் தடுப்பு, இலவச மருத்துவம், பெண் கல்வி ஆகியவற்றோடு பங்கீட்டரிசிக்கும் இதிற் பங்குண்டு. ஆயினும், கூப்பன் வீட்டுக்கு வந்த அரிசியை அளந்ததேயன்றி, வீட்டினுள் இறுதியாக உண்பவளின் தட்டை அளக்கவில்லை.

இதன் குறைபாடு 1973–74 உலக உணவு நெருக்கடியின்போது வெளிப்பட்டது. பங்கீடு குறைக்கப்பட்டது, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இக்கட்டுப்பாடே யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு வளமான காலத்தை அளித்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. தோட்டத் தொழிலாளருக்கோ மரவள்ளி நடவும் சொந்த நிலமில்லை. லயன் அறைகளில் வாழ்ந்த அம்மக்கள் கடையரிசியையும் கோதுமை மாவையுமே நம்பியிருந்தனர். 1974 இல் தோட்டப்புற மரண வீதம் கூர்மையாக உயர்ந்தது. அதிற் பெரும்பங்கு குழந்தைகளுடையது.

1973 இல் சுகாதார அமைச்சு, 'கெயார்' நிறுவனத்தின் துணையுடன் திரிபோஷாத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. சக்தி, புரதம், நுண்போஷணை என்னும் மூன்றையும் குறிப்பது இப்பெயர். சோளமும் சோயாவும் கலந்த இம்மாவு கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நிறை குறைந்த குழந்தைகள் ஆகியோருக்கென்றே வகுக்கப்பட்டது. குடும்பத்தை விடுத்துத் தாயையும் சேயையும் தேடி வந்த முயற்சி என்ற வகையில் இது முக்கியமானது. மாதத்துக்கு 750 கிராம் பொதிகள் இரண்டு. நாளொன்றுக்கு 50 கிராம். ஐவர் பகிர்ந்துண்ணின் ஒருவருக்கு 10 கிராமே தேறும். பசித்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஊட்டி மற்றப் பிள்ளையைப் பார்த்திருக்கச் செய்வது எத்தாய்க்கும் இயலாத காரியம். இப்பகிர்வை 'அறியாமை' எனக் கூறுவோர் வீட்டின் வறுமையைக் கணக்கிற் கொள்ளாதவராவர்.

அவ்வறுமையைத் தணிக்க வேண்டிய பொதுமானியமோ அதே காலத்திற் சுருங்கிற்று. 1978 இல் பங்கீட்டரிசி, மாத வருமானம் ஏறத்தாழ 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செப்டெம்பரில் அதனிடத்தை உணவு முத்திரை பெற்றது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 25 ரூபாவும், வளர்ந்தோருக்கு 15 ரூபாவும் வழங்கப்பட்டன. பிள்ளைக்கு முதன்மையளித்த இவ்வொழுங்கு ஏட்டளவிற் சிறந்ததே. ஆனால், அரிசி விலை ஏறியபோது முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் கொள்வனவுச் சக்தி ஏறத்தாழ அரைவாசியாயிற்று. 1980 இல் புதியவர்களைச் சேர்த்தலும் நிறுத்தப்பட்டமையால், பின்னர் பிறந்த குழந்தை தன் பிறப்புத் திகதியினாலேயே உரிமையிழந்தது.

தோட்டப்புறத்தில் நேர்ந்தது இதனினும் கொடிது. கிராமத்துக் கமக்காரன் தன் வருமானத்தைத் தானே கூறினான். அதைச் சரிபார்க்க ஏடெதுவுமில்லை. தோட்டத் தொழிலாளியின் வருமானமோ செக்ரோலில் சதம் சதமாகப் பதிவாகியிருந்தது. கணவனும் மனைவியும் பெயர் போட்டு உழைத்தமையால் குடும்ப வருமானம் எல்லையைத் தாண்டிற்று. அதனால் பெருந்தொகையானோர் முத்திரை பெறவில்லை. கர்ப்பிணியாகவும் கொழுந்து பறித்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் சென்றவளின் உழைப்பே அவளுடைய குழந்தையின் மானியத்துக்குத் தடையாயிற்று.

பின்வந்த சனசவிய, சமுர்த்தி ஆகியவற்றை இங்கு விரித்தல் வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்கு உணவுப் பொருள் வழங்கிய பிற்காலத் திட்டம் தாயை நேரடியாக நோக்கியது. எனினும் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோருள் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய ரீதியில் 17 வீதத்தினர். தோட்டப்புறத்தில் 32 வீதத்தினர். 2022 இல், இரசாயனப் பசளைத் தடையாற் சோள விளைச்சல் வீழ்ந்தும், கிடைத்த சோளத்திற் பூஞ்சண நச்சு காணப்பட்டும், அந்நியச் செலாவணி வறண்டும் போன வேளையில், 6 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைகளுக்குரிய திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. அரிசியும் மாவும் விலையேறி, அப்பொதி முன்னெப்போதினும் தேவைப்பட்ட ஆண்டு அது.