உரையாடல் பெட்டி: மோடலும் மோட்லெஸ்ஸும்

பயனரிடம் ஒன்றைக் கேட்கவோ சொல்லவோ மென்பொருள் திரையில் திறக்கும் சிறு சாளரம் உரையாடல் பெட்டி. பதில் சொல்லும்வரை பின்னாலுள்ள வேலையைத் தொடவிடாத பெட்டி மோடல். ஒருபக்கம் திறந்து கிடந்தபடி, செய்துகொண்டிருக்கும் வேலையைத் தொடரவிடுவது மோட்லெஸ். எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்ற விவாதம் ஐம்பது ஆண்டுப் பழையது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கடைக் கணக்கு எழுதுகிறவரும் டேலி கணக்கு மென்பொருளிலும் ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) இணையதளத்திலும் அதன் விளைவை அன்றாடம் சந்திக்கிறார்.

விவாதம் பெட்டிகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1974-இல் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் உருவாக்கிய பிராவோ என்ற எழுத்துச் செயலியில், ஒரே விசை கட்டளை நிலையில் ஒரு வேலையும் தட்டச்சு நிலையில் வேறு வேலையும் செய்யும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஆங்கிலத்தில் ‘எடிட்’ என்று தட்டியவரின் கதை அத்துறையில் பிரபலம். முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்தது; இரண்டாவது அதை அழித்தது; மூன்றாவது செருகும் நிலைக்குப் போனது; நான்காவது எழுத்து மட்டும் திரையில் மிஞ்சியது. ஆங்கிலத்தில் ‘மோட்’ எனப்படும் இந்த நிலைகளை ஒழிக்க வேண்டும் என்று அதே ஆய்வகத்தின் லாரி டெஸ்லர் வாழ்நாள் முழுக்க வாதாடினார். டிம் மாட்டுடன் சேர்ந்து 1975-இல் அவர் எழுதிய ஜிப்சி செயலியே ‘வெட்டு, ஒட்டு’ முறையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது. ‘நோ மோட்ஸ்’ என்பதைத் தன் காரின் எண் பலகையிலேயே பொறித்துக்கொண்டவர் அவர். 2020-இல் காலமானார்.

1984-இல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் மோடல், மோட்லெஸ் என்ற இரண்டு வகைப் பெட்டிகளையும் நிரலர்களுக்குத் தந்தது. அடுத்த ஆண்டு விண்டோஸும் தந்தது. மோடல்தான் பெருகியது. பயனர் வேறெங்கும் போக முடியாது என்றால் நிரலர் கவனிக்க வேண்டியவை குறைகின்றன. பயனரின் வசதியைவிட நிரலரின் வசதிக்காகவே அது பரவியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2001-இல் வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ் ஒரு நடுவழி கண்டது: பெட்டி ஓர் ஆவணச் சாளரத்தின் தலைப்புப் பட்டையோடு ஒட்டி இறங்கும், அந்த ஆவணத்தை மட்டுமே தடுக்கும்.

இந்தியக் கடைகளில் இந்த வரலாறு டேலி வழியாக நடந்தது. ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் இது. வவுச்சர் (கணக்குப் பதிவு) போட்டு முடித்ததும் ‘ஏற்கலாமா? ஆம், இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி எழும். என்டர் தட்டினால் பதிவாகிவிடும். நாளெல்லாம் பில் போடுகிறவருக்கு அந்த என்டர் கைப்பழக்கம். பெட்டியை அவர் படிப்பதேயில்லை. எல்லாவற்றுக்கும் கேட்கும் பெட்டி எதையும் காப்பதில்லை. தவறான தொகை ஏறியிருந்தாலும் வவுச்சரைத் திறந்து திருத்திவிடலாம் என்பதால், இங்கே தடுப்பதால் பெரிய ஆதாயமும் இல்லை. வவுச்சருக்கு நடுவில் புதிய லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) தேவைப்பட்டால் ஆல்ட்-சி அழுத்தி அங்கேயே உருவாக்கலாம். ஆனால் பாதி எழுதிய பில்லை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரின் பழைய பாக்கியைப் பார்ப்பது நெடுங்காலம் சிரமமாகவே இருந்தது.

2020 நவம்பரில் வந்த டேலிபிரைம் இதை மாற்றியது. ஆல்ட்-ஜி அழுத்தினால் ‘கோ டு’ திறக்கும். எழுதிய வவுச்சர் கலையாமல் எந்த அறிக்கைக்கும் போய்த் திரும்பலாம். டெஸ்லர் கேட்டதற்கு மிக அருகில் இது வருகிறது. தவறைத் தடுப்பதைவிடத் தவறின் தடத்தை வைத்திருக்கும் போக்கும் வளர்ந்தது. நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது; டேலியின் ‘எடிட் லாக்’ அதற்கானது.

மோடல் பெட்டிக்கு நியாயமான இடம், திரும்பிவர வழியில்லாத இடம். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி செலுத்தும் வணிகர்களுக்கு அது ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்குப் படிவம். ஒருமுறை தாக்கல் செய்துவிட்டால் அதைத் திருத்தித் தாக்கல் செய்ய முடியாது. பிழையை அடுத்த மாதப் படிவத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். அதனால் இணையதளம் எச்சரித்து நிறுத்துவதும், டிஜிட்டல் கையொப்பமோ ஓடிபியோ கேட்பதும் சரியான தடுப்புகளே. கைபேசியில் வரும் எண்ணைப் பார்த்துத் தட்ட வேண்டியிருப்பதால், வெறும் என்டர் பழக்கம் அங்கே செல்லாது. இதற்கு மாறாக, விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1இல் விட்டதைச் சேர்க்கவும் பிழையைத் திருத்தவும் 2024 ஆகஸ்டிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1ஏ கிடைக்கிறது. அந்த மாதத்து 3பியைத் தாக்கல் செய்யும்வரை அது திறந்திருக்கும்.